படாத அடிக்கு ஒரு விசில்: கூடைப்பந்தில் ஒரு விதி பிறந்த கதை

புகார் நகரத்தில் ஐந்து மன்றங்கள் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அவற்றில் ஒன்று பூதசதுக்கம். தெருக்கள் கூடும் இடத்தில் ஒரு பூதம், கையில் பாசக்கயிறு. தவ வேடத்தில் தப்பு செய்கிறவர்கள், மறைவில் ஒழுக்கம் தவறும் பெண்கள், துரோகம் செய்யும் அமைச்சர்கள், பிறன்மனை தேடுகிறவர்கள், பொய்ச்சாட்சி சொல்கிறவர்கள், புறம் பேசுகிறவர்கள் என்று ஆறு வகையினரை அது கட்டி, அடித்து, தின்றுவிடும். யார் யார் தன் கயிற்றில் சிக்குவார்கள் என்பதை நாலு காதம் கேட்கும்படி கத்திச் சொல்லியும் விடும். விளையாட்டு நடுவர்களுக்கு ஒரு குலதெய்வம் வேண்டுமென்றால் இந்தப் பூதத்தைத்தான் சிபாரிசு செய்வேன். குரல் இருக்கிறது, எச்சரிக்கை இருக்கிறது, தண்டனை அங்கேயே அப்போதே நடக்கிறது.

அந்த ஆறு பேரில் ஐந்தாவது ஆளைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். கூடைப்பந்தில் எதிராளியின் கை உரசியும் உரசாமலும் இருக்கும்போதே, லாரி மோதியவன் மாதிரி பின்னால் பறந்து விழுகிறானே ஒருவன், அவன் பொய்ச்சாட்சிக்காரன். சாட்சி சொல்ல வாய் வேண்டாம், உடம்பே போதும். நம்மூர் மைதானத்தில் இதற்கு 'ஆக்டிங்' என்று பெயர். “சார், அவன் ஆக்டிங் குடுக்குறான் சார்!” என்ற கத்தலைக் கேட்காமல் ஒரு பள்ளிப் போட்டி முடியாது. இந்த ஆக்டிங்கைக் கண்டுபிடித்து, விசில் ஊதி, எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ கொடுக்கும் விதி இன்று இருக்கிறது. விளையாட்டு பிறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் அந்த விதிக்குப் பல் முளைத்தது. ஏன் இத்தனை தாமதம் என்பதுதான் இந்தக் கதை.

அந்தப் புகார்தான் இன்றைய பூம்புகார், மயிலாடுதுறை மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊர். காவிரி வந்து சேரும் இடம், சிலப்பதிகாரக் கலைக்கூடம், மீனவக் குடியிருப்பு. இந்தக் கரையின் பரதவர்கள் ஒருவரோடொருவர் கைகலந்து மோதியதைப் பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியிருக்கிறார். டெல்டாவின் மணலிலும் அறுவடை முடிந்த வயலிலும் கபடிக்குத்தான் முதல் இடம். கபடியிலும் பொய் உண்டு, ஆனால் அது நேர் எதிரான பொய். பாடி வந்தவனின் விரல் முதுகில் பட்டிருக்கும். பட்டவன் ஒன்றுமே நடக்காதது போல நிற்பான். “படலை, படவே இல்லை” என்று சத்தியம் செய்வான். கூடைப்பந்தில் விரல் படாதவன் “பட்டுச்சு” என்று தரையில் உருளுவான். ஒரு ஆட்டத்தில் தொடுகை பட்டவனுக்கு நஷ்டம், இன்னொன்றில் பட்டவனுக்கு லாபம். பொய் எந்தப் பக்கம் சாயும் என்பதை மனுஷனின் குணம் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆட்டத்தின் கணக்கு தீர்மானிக்கிறது.

அந்தக் கணக்கை முதலில் போட்டவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே விளையாட ஒரு ஆட்டம் வேண்டும் என்று அவரிடம் கேட்டார்கள். பீச் பழக்கூடை இரண்டை உயரத்தில் கட்டி, 13 விதிகளை எழுதினார். 1892 ஜனவரியில் அவை பள்ளிப் பத்திரிகையில் அச்சாயின. ஐந்தாவது விதி தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, தடுக்கி விடுவது, அடிப்பது எல்லாவற்றையும் தடை செய்தது. ஏழாவது விதி, ஒரு அணி தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் எதிரணிக்கு ஒரு கோல் என்றது. ஆட்களை மட்டும் பார்க்க ஒருவர், பந்தை மட்டும் பார்க்க இன்னொருவர் என்று இரண்டு நடுவர்களையும் வைத்தார்.

நெய்ஸ்மித் இறையியல் படித்தவர். மனிதர்கள் தள்ளுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தள்ளாதவனைத் தள்ளினான் என்று சொல்வார்கள் என்பதற்கு 13 விதிகளிலும் ஒரு வரி இல்லை. அப்போது அதற்கு அவசியமும் குறைவு. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். ஓட்டம் இல்லாத இடத்தில் மோதலுக்கு வேகம் ஏது?

பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன. பந்தைத் தட்டிக்கொண்டே ஓடும் டிரிபிள் வந்தது. ஃபவுலுக்கு ஈடாக ஃப்ரீ த்ரோ வந்தது. டிரிபிள் வந்தவுடன், வேகமாக வருகிறவனும் வழியில் நிற்கிறவனும் மோதினால் தப்பு யாருடையது என்ற கேள்வி எழுந்தது. நிற்கிறவன் முன்பே இடம்பிடித்து, உடம்பை நேராக வைத்திருந்தால் மோதியவன் மேல் ஃபவுல். அதற்கு 'சார்ஜ்' என்று பெயர். கடைசி நொடியில் நகர்ந்து குறுக்கே வந்திருந்தால் நிற்கிறவன் மேல், அது 'பிளாக்'. இரண்டுக்கும் நடுவே அரை வினாடிகூட இருக்காது. அந்த அரை வினாடியில் நடுவர் எதைப் பார்க்கிறார்? விழுகிற உடம்பைப் பார்க்கிறார். நன்றாக விழத் தெரிந்தவனுக்கு அங்கே ஒரு பிழைப்பு பிறந்துவிட்டது.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்று வெளியே போன பி.டி. மாஸ்டர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு இந்த ஆட்டத்தையும் கொண்டுபோனார்கள். பள்ளிகளில் கிடைத்த மைதானம் மண் அல்லது சிமென்ட். சிமென்ட் தரையில் பொய்யாக விழுந்தாலும் முழங்கை நிஜமாகத்தான் தேயும். வெயிலில் காய்ந்த தரையில் ஒரு சார்ஜ் கேட்டு மல்லாக்க விழுந்தவன், அடுத்த முறை யோசித்துத்தான் விழுவான். ஆக்டிங்கை அடக்கிய முதல் நடுவர் நம்மூரில் தரைதான் என்று நினைக்கிறேன். பளபளப்பான மரத்தரை வந்த இடங்களில்தான் இது ஒரு கலையாக வளர்ந்தது.

கலை என்று சும்மா சொல்லவில்லை. 1963 டிசம்பரில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் ஃபிராங்க் ராம்சி, 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகையில் தன் தந்திரங்களை வெளிப்படையாகவே எழுதினார். நடுவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துகொண்டு விழுவது, அவர் மனம் இளகும்படி விழுவது, எல்லாம் அதில் உண்டு. ராம்சி சில்லறை ஆட்டக்காரர் இல்லை. ஏழு முறை சாம்பியன் ஆனவர். அப்படிப்பட்டவர் இதைத் திறமை என்ற கணக்கில் எழுதினார், படித்தவர்களும் ரசித்தார்கள். தப்பு என்று யாராவது நினைத்திருந்தால்கூட, அதைத் தப்பு என்று சொல்லி விசில் ஊதும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை. 1989-இல் யூகோஸ்லாவியாவிலிருந்து அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வுக்கு வந்த விளாடே டிவாட்ஸ் அதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனார். ஷகில் ஓ'நீல் போன்ற மலை உருவத்தைத் தள்ளி நிறுத்த முடியாதபோது, அவர் தோள் பட்டதும் சாய்ந்து விழுவது ஒரு தற்காப்பு. ஓ'நீல் வெளிப்படையாகவே பொருமினார்.

நடுவர்கள் ஏன் சும்மா இருந்தார்கள்? இங்கே புகாரின் இன்னொரு மன்றத்துக்குப் போக வேண்டும். பாவை மன்றம். அங்கே ஒரு பாவை. அரசன் முறை தவறினாலும், அறங்கூறும் அவை ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொன்னாலும் அந்தப் பாவை வாய் திறக்காது, கண்ணீர் விடும். பொய் சொன்னவனைத் தின்னும் பூதத்தையும், தீர்ப்பு தவறினால் அழும் பாவையையும் ஒரே ஊரில் வைத்தது சிலப்பதிகாரம் எழுதிய இளங்கோவின் கெட்டிக்காரத்தனம். இவ்வளவுக்கும் காப்பியத்தின் கதையே, புகாரிலிருந்து போன ஒருவன் மதுரையில் விசாரணையில்லாத தீர்ப்புக்குப் பலியான கதைதான்.

கூடைப்பந்து நடுவரின் சிக்கல் இந்த இரண்டு மன்றங்களுக்கும் நடுவில் இருக்கிறது. பொய்யாக விழுந்தவனை நம்பி எதிராளி மேல் ஃபவுல் கொடுத்தால் அது ஒரு தப்பு. நிஜமாகவே அடிபட்டு விழுந்தவனைப் பொய்யன் என்று சொன்னால் அது இன்னும் பெரிய தப்பு. வலியோடு எழுந்து நிற்பவனிடம் நடிகன் என்று சொல்வதற்கு மனசு வராது. இரண்டாவதுக்குப் பயந்து பெரும்பாலான நடுவர்கள் முதலாவதைச் செய்தார்கள். அல்லது விசிலே ஊதாமல் விட்டார்கள். விசில் ஊதாமல் விடுவதும் ஒரு தண்டனைதான் என்று பழைய நடுவர்கள் சொல்வார்கள்: விழுந்தவன் தரையில் கிடப்பான், அவன் அணி நாலு பேரோடு தடுக்க வேண்டியிருக்கும், எதிரணி கூடை போட்டுவிடும். நல்ல தண்டனைதான். ஆனால் பத்து முறை விழுந்து இரண்டு முறை விசில் கிடைத்தாலும் லாபம் என்று கணக்குப் போடுகிறவனுக்கு இது போதாது.

முதலில் வந்த தீர்வு பொய்யனைத் தேடவில்லை, பொய்க்கு இடம் கொடுத்த நிலத்தைப் பறித்தது. 1997–98 சீசனில் என்.பி.ஏ. கூடைக்குக் கீழே நாலடி ஆரத்தில் ஒரு அரைவட்டம் போட்டது. சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீபா 2010-இல் 1.25 மீட்டர் ஆரத்தில் போட்டது. அந்த வட்டத்துக்குள் நின்றுகொண்டு சார்ஜ் கேட்க முடியாது. எதிராளி துள்ளி எழும்பி வரும்போது கீழே போய் நின்று விழுகிற பழக்கம் இதில் பாதி அடிபட்டது. நடுவர் யாருடைய மனசுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, காலடி எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி இதுதான்.

அடுத்து வந்தது பணத் தண்டனை. 2012 அக்டோபரில் என்.பி.ஏ. அறிவித்தது: ஆட்டம் முடிந்த பிறகு வீடியோ பார்ப்போம், பொய்யாக விழுந்தது உறுதியானால் முதல் முறை எச்சரிக்கை, இரண்டாவதுக்கு 5,000 டாலர், பிறகு 10,000, 15,000, 30,000, ஆறாவது முறை சஸ்பென்ஷனும் வரலாம். புரூக்ளின் நெட்ஸின் ரெஜ்ஜி எவன்ஸ்தான் முதலில் அபராதம் கட்டியவர். 2013 பிளேஆஃப் போட்டியில் லெப்ரான் ஜேம்ஸ், டேவிட் வெஸ்ட், லான்ஸ் ஸ்டீஃபன்சன் மூவருக்கும் ஆளுக்கு 5,000 டாலர். ஜேம்ஸின் அந்த வருஷச் சம்பளம் சுமார் 1 கோடியே 75 லட்சம் டாலர். 82 ஆட்டத்துக்கு வகுத்தால் ஆட்டத்துக்கு 2 லட்சம் டாலருக்கு மேல். அதில் 5,000 என்பது கடற்கரைக்கு வந்தவன் சுண்டலுக்குக் கொடுக்கும் காசு.

தொகை சின்னது என்பதைவிட நேரம் தப்பு என்பதுதான் பெரிய கோளாறு. அபராதக் கடிதம் வரும்போது ஆட்டம் முடிந்திருக்கும். பொய்யால் கிடைத்த ஃப்ரீ த்ரோ புள்ளிகள் ஸ்கோர் போர்டில் அப்படியே இருக்கும். ஏமாந்த அணிக்கு ஒரு பைசா பயன் இல்லை. கால்பந்துக்காரர்கள் இதை 2002 உலகக் கோப்பையிலேயே பார்த்துவிட்டார்கள். தென் கொரியாவின் உல்சானில் பிரேசிலும் துருக்கியும் ஆடியபோது, துருக்கியின் ஹகன் உன்சால் அடித்த பந்து பிரேசிலின் ரிவால்டோவின் காலில் பட, அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். துருக்கி வீரர் வெளியேற்றப்பட்டார். ரிவால்டோவுக்குப் பிறகு அபராதம் விதிக்கப்பட்டது. பிரேசில் 2–1 என்று வென்றது மாறவில்லை. பொய்யாக விழுந்தால் மஞ்சள் அட்டை என்ற விதி 1999-இலேயே கால்பந்தில் வந்திருந்தது. அந்த நிமிஷம் நடுவர் அதைப் பொய் என்று பார்க்காததால் அட்டை வேறு ஆளுக்குப் போனது.

இடையில் ஒரு விஞ்ஞான முயற்சியும் நடந்தது. டல்லாஸ் மாவரிக்ஸ் உரிமையாளர் மார்க் கியூபனின் நிறுவனம், 2013-இல் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. எவ்வளவு விசை பட்டால் மனித உடம்பு நிலைகுலையும், எவ்வளவு பட்டால் நிற்க முடியும் என்று பீட்டர் வேயண்ட் என்ற ஆய்வாளர் அளக்கப் புறப்பட்டார். அளந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் நடுவரின் கையில் அந்தக் கருவியைக் கொடுக்க முடியாதே என்ற எண்ணம் வராமலில்லை.

நம்மூரில் ஆடுவது ஃபீபா விதிப்படி. அதன் பாதை வேறு மாதிரி, எனக்குப் புகாரின் பூதத்தை நினைவூட்டும் பாதை. முதல் முறை பொய்யாக விழுந்தால் நடுவர் ஆட்டத்தை உடனே நிறுத்துவதில்லை. முன்கையை இரண்டு முறை உயர்த்திக் காட்டுவார். எழுந்திரு என்று சொல்வது போல இருக்கும். ஆட்டம் இயல்பாக நின்றதும் அந்த வீரரிடமும் கோச்சிடமும் எச்சரிக்கை சொல்லப்படும். அந்த எச்சரிக்கை விழுந்த பையனுக்கு மட்டும் இல்லை, மொத்த அணிக்கும். ஒரு அணிக்கு ஒரே ஒரு எச்சரிக்கைதான். அடுத்து அந்த அணியில் யார் பொய்யாக விழுந்தாலும் டெக்னிகல் ஃபவுல்: எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, பிறகு பந்து யாரிடம் இருந்ததோ அவர்களிடமே ஆட்டம் தொடரும். ஒரே ஆளுக்கு இரண்டு டெக்னிகல் ஆனால் வெளியேற்றம். அளவுக்கு மீறிய நடிப்பாக இருந்தால் எச்சரிக்கைகூடத் தேவையில்லை, நேராக டெக்னிகல்.

இதில் ஒளிந்திருக்கும் புத்திசாலித்தனத்தைக் கவனியுங்கள். தண்டனை சின்னது, ஒரே ஒரு புள்ளி. சின்னதாக இருப்பதால்தான் நடுவருக்குக் கை வருகிறது. ஒரே தப்புக்கு ஆட்டத்திலிருந்தே வெளியேற்ற வேண்டும் என்றிருந்தால், நூறு சதவீதம் உறுதியில்லாமல் எந்த நடுவரும் விசிலை வாயில் வைக்க மாட்டார். விதி புத்தகத்தோடு நின்றுவிடும். பூதம் மாதிரி அடித்துத் தின்னும் அதிகாரம் கொடுத்தால் பாவை அழுமே என்ற பயம் வரும். ஒரு புள்ளி என்றால் இரண்டும் சமாளிக்கக்கூடியவை.

அமெரிக்கர்களும் கடைசியில் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 2023 கோடைக்கால லீகில் சோதித்துப் பார்த்துவிட்டு, 2023–24 சீசனில் ஒரு வருஷச் சோதனையாகவும், 2024-இல் நிரந்தரமாகவும் என்.பி.ஏ. கொண்டுவந்த விதிப்படி, பொய் விழுகைக்கு ஆட்டத்துக்குள்ளேயே டெக்னிகல் ஃபவுல், எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. கூடவே 2,000 டாலர் அபராதமும் உண்டு, அது பழைய பழக்கத்தின் மிச்சம். இந்த வகை டெக்னிகல்களைக் கூட்டி ஒருவரை வெளியேற்ற முடியாது. எதிரணி தாக்குதலில் இருந்தால் அதை நடுவர் வெட்டத் தேவையில்லை, முடிந்ததும் ஊதலாம். அதைவிட முக்கியம், ஒரே மோதலில் நிஜமான ஃபவுலும் இருக்கலாம், அதை ஊதிப் பெருக்கிய நடிப்பும் இருக்கலாம் என்று விதி ஒப்புக்கொள்கிறது. இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கலாம். மைதானத்தில் நடக்கிற பொய்யில் முக்கால்வாசி இந்தக் கலப்படம்தான். அரைப் படி நிஜத்தோடு ஒன்றரைப் படி நடிப்பு.

சரி, நடுவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? பந்தைப் பார்க்காமல் இருப்பதுதான் முதல் பாடம். பார்வையாளர் எல்லாரும் பந்தைப் பார்ப்பார்கள். நடுவர் தடுக்கிறவனின் இடுப்பையும் காலையும் பார்க்க வேண்டும். இரண்டு உடம்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் நிற்க வேண்டும். நேர் பின்னால் நின்றால் இடைவெளி தெரியாது, எல்லா விழுகையும் நிஜமாகத்தான் தெரியும். அடுத்தது கை. நிஜமாகத் தள்ளப்பட்டவனின் கை தானாகவே பின்னால் தரையைத் தேடும், தலையைக் காப்பாற்ற உடம்பு செய்கிற வேலை அது. நடிக்கிறவனின் கை பெரும்பாலும் மேலே பறக்கும், தலை வெடுக்கென்று பின்னால் போகும். மார்பில் பட்டதற்கு முகத்தைப் பிடிப்பான். தொடுகைக்கும் விழுகைக்கும் நடுவே ஒரு கண்ணிமைப்பு தாமதம் இருக்கும். முடிவெடுக்க அவ்வளவு நேரம் வேண்டும் அல்லவா. அடிபட்டவன் விழுகிற இடத்தைப் பார்ப்பான், நடிக்கிறவனின் கண் விழும்போதே விசில்காரரைத் தேடும். வாய் 'ஏய்' என்று கத்தும். இந்தக் கத்தல் எனக்கு நல்ல சாட்சி. நிஜமாகவே மூச்சு அடைத்தவனுக்குச் சத்தம் வராது.

இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். இரண்டு மூன்று சேர்ந்தால் கையை உயர்த்தத் தயங்கக் கூடாது என்பது என் கட்சி. அதுவும் முதல் குவார்ட்டரிலேயே. நாலாவது குவார்ட்டரில், ஸ்கோர் சமமாக இருக்கும்போது முதல் தடவையாக இந்த விதியை எடுத்தால் கலாட்டாதான். முப்பது நிமிஷம் எல்லா விழுகைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்த நடுவர், கடைசி நிமிஷத்தில் திடீரென்று நேர்மை பேசினால் எந்தப் பெற்றோர் விடுவார்?

மாவட்ட அளவுப் பள்ளிப் போட்டிகளில் ரீப்ளே கிடையாது, மூன்றாவது நடுவர் அபூர்வம். இரண்டு ஜோடிக் கண்தான். அங்கே ஃபீபாவின் அணி எச்சரிக்கை பெரிய வசதி. முன்கை இரண்டு முறை உயர்ந்தவுடன் விஷயம் பெஞ்சுக்குப் போய்விடுகிறது. இனி யார் விழுந்தாலும் புள்ளி போகும் என்று கோச்சுக்குத் தெரியும். நடுவர் சொன்னால் முறைக்கிற பையன், சொந்த மாஸ்டர் “டேய், இன்னொரு தடவை உருண்டே, வெளிய உட்கார வெச்சிருவேன்” என்று கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தும்போது எழுந்து, நிக்கரில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, தடுக்க ஓடுகிறான்.